வீட்டுக் கணினியின் பின்னணிச் சேவைகள்: எதை நிறுத்தலாம், எதில் கை வைக்கக்கூடாது

யாழ்ப்பாணத்து வீடுகளில் "கணினி இழுக்கிறது" என்ற முறைப்பாடு வந்தால், அது பெரும்பாலும் ஒரே மாதிரியான இயந்திரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்: 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க், யாரோ போட்டுக்கொடுத்த விண்டோஸ் 10. 2022 பொருளாதார நெருக்கடியில் விலைகள் எகிறியதிலிருந்து பழையதை வைத்தே காலத்தை ஓட்டுகிறவர்கள் அதிகம். அவர்கள் யூடியூபில் தேடினால், "இந்த 50 சேவைகளை நிறுத்துங்கள், கணினி பறக்கும்" என்ற காணொளி வந்து நிற்கிறது. பார்த்தபடியே ஐம்பதையும் நிறுத்துகிறார்கள். கணினி பறப்பதில்லை. வைஃபை போய்விடுகிறது, அல்லது தமிழில் தட்ட முடிவதில்லை, அல்லது பிரிண்டர் பேசாமல் கிடக்கிறது. ஐம்பதில் எது இதற்குக் காரணம் என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை.

விண்டோஸின் சொந்தச் சேவைகளில் பெரும்பாலானவை சும்மா இருக்கும்போது எதையும் தின்பதில்லை. உண்மையான சுமை, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவற்றிலும் ஓரிரண்டு விண்டோஸ் சேவைகளிலும்தான் இருக்கிறது. ஆகவே பட்டியலைப் பார்த்து வெட்டுவதை விட்டுவிட்டு, உங்கள் கணினியில் எது உழைக்கிறது என்று பார்த்து, அதை மட்டும், ஒவ்வொன்றாக, திரும்பி வரக்கூடிய விதத்தில் நிறுத்துவதே இந்த வழிகாட்டியின் முறை. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். கட்டளைகளையும் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

சேவை என்பது என்ன

குரோமைத் திறந்தால் ஜன்னல் ஒன்று தெரியும்; மூடினால் போய்விடும். சேவைக்கு ஜன்னல் கிடையாது. நீங்கள் பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போவதற்கு முன்பே அது ஓடத் தொடங்கியிருக்கும். வைஃபையைத் தேடிப் பிடிப்பது, ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்புவது, அச்சிடும் வரிசையைக் கவனிப்பது எல்லாம் இவற்றின் வேலை.

டாஸ்க் மனேஜரில் "சேர்விஸ் ஹோஸ்ட்" என்ற பெயரில் எண்பது தொண்ணூறு வரிகளைக் கண்டு வைரஸ் என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. சேவைகளைத் தனக்குள் ஏற்றி ஓட்டும் விண்டோஸின் நிரல்தான் அது. முன்பு பல சேவைகள் ஒரே ஹோஸ்டுக்குள் ஒன்றாக ஓடின. 2017 இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சேவைகள் தனித்தனி ஹோஸ்டில் ஓடுகின்றன. ஒன்று விழுந்தால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு விழாது. எது எவ்வளவு தின்கிறது என்பதும் பிரித்துத் தெரியும். நமக்கு இது வசதிதான்.

முதலில் அளந்து பாருங்கள்

கணினியை ரீஸ்டார்ட் செய்து, உள்ளே போய், எதையும் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். சிபியூ, மெமரி, டிஸ்க் என்ற தலைப்புகளை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து, அதிகம் எடுப்பது மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். மேலே நிற்பது சேர்விஸ் ஹோஸ்ட் என்றால் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்துங்கள். உள்ளே இருக்கும் சேவையின் பெயர் வரும். அதை வலது கிளிக் செய்தால் சேவைகளின் ஜன்னலைத் திறக்கவும் வழி இருக்கும்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று இழுத்தால், விண்டோஸ் பட்டனுடன் ஆர் எழுத்தை அழுத்தி "ரெஸ்மொன்" என்று தட்டுங்கள். ரிசோர்ஸ் மொனிட்டர் வரும். அதன் டிஸ்க் பகுதியில் எந்த நிரல் எந்தக் கோப்பை வாசிக்கிறது என்பதுவரை தெரியும். இந்த ஒரு ஜன்னலைப் பார்த்தாலே, இழுப்பதற்குக் காரணம் சேவையா, வைரஸ் ஸ்கானா, பாதியில் நிற்கும் புதுப்பிப்பா என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

கணினி எழும்ப எடுக்கும் நேரத்தையும் விண்டோஸே குறித்து வைக்கிறது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் தேடல் பெட்டியில் தேடித் திறந்து, அதில் அப்ளிகேஷன்ஸ் அன்ட் சேர்விசஸ் லொக்ஸ், மைக்ரோசொப்ட், விண்டோஸ், டயக்னொஸ்டிக்ஸ் பெர்ஃபோமன்ஸ், ஒப்பரேஷனல் என்ற வழியில் போனால் 100 என்ற எண்ணுள்ள பதிவு இருக்கும். நேரம் மில்லி செக்கனில் இருக்கும், ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கொப்பியில் எழுதிவையுங்கள். "இப்போது கொஞ்சம் பரவாயில்லைப் போல" என்ற மனப்பிராந்திக்கு அதுதான் மருந்து.

அளந்த பிறகு ஒரு முடிவுக்கும் வரலாம். சும்மா இருக்கும்போதே மெமரி முக்கால்வாசி நிரம்பியிருந்தால், எத்தனை சேவைகளை நிறுத்தினாலும் பெரிய மாற்றம் வராது. இன்னொரு 4 ஜிபி ரேமும் சிறிய எஸ்எஸ்டி ஒன்றும் எந்தக் காணொளியும் தராத வேகத்தைத் தரும். சுன்னாகம், கோண்டாவில் பக்கத்துச் செம்மண் தூசி சிபியூ விசிறியில் அப்பியிருந்தாலும் கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெட்டியைத் திறந்து ஒரு தூரிகையால் தட்டிவிடுவதும் பராமரிப்புத்தான்.

கை வைக்கும் முன்

இரண்டு வேலைகள். முதலாவது, சிஸ்டம் ரெஸ்டோர் புள்ளி: ஏதாவது பிழைத்தால் விண்டோஸின் அமைப்பை இன்றைய நிலைக்குத் திருப்ப உதவுவது. தேடல் பெட்டியில் "ரெஸ்டோர் பொயின்ட்" என்று தட்டினால் அதற்கான ஜன்னல் வரும். பல கணினிகளில் சி டிரைவுக்கான பாதுகாப்பு அணைந்தே கிடக்கும். கொன்ஃபிகர் என்பதை அழுத்தி இயக்கிவிட்டு, கிரியேட் என்பதை அழுத்துங்கள்.

இரண்டாவது, இப்போதைய நிலையின் பிரதி. விண்டோஸ் பட்டனுடன் ஆர் அழுத்தி, சேர்விசஸ், ஒரு புள்ளி, எம் எஸ் சி என்று இடைவெளி விடாமல் தட்டினால் சேவைகளின் ஜன்னல் திறக்கும். மேலே அக்‌ஷன் மெனுவில் எக்ஸ்போர்ட் லிஸ்ட் இருக்கிறது. அதைக் கிளிக் செய்து, திகதியைப் பெயராக வைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். எந்தச் சேவை எந்த நிலையில் இருந்தது என்பது முழுவதும் அதில் இருக்கும். பென்டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள்.

சேவைக்கு முன் ஸ்டார்ட்அப்

டாஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் தானாகத் திறப்பவை எல்லாம் அங்கே இருக்கும்; பக்கத்திலேயே பாதிப்பு ஹை, மீடியம், லோ என்று போட்டிருக்கும். வட்ஸ்அப், ஸ்கைப்பின் மிச்சம், ஸ்பொட்டிஃபை, விளையாட்டு லோஞ்சர்கள், டொரென்ட் எதுவானாலும் வலது கிளிக், டிஸேபிள். தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். இங்கே தவறாக ஒன்றை அணைத்தாலும் விண்டோஸ் உடையாது. பல வீடுகளில் வேலை இத்துடனேயே முடிந்துவிடும். ரீஸ்டார்ட் செய்து, திருப்தியாக இருந்தால் மிச்சத்தை வாசிக்கக்கூடத் தேவையில்லை.

நான்கு நிலைகள்

சேவை ஒன்றை இருமுறை கிளிக் செய்தால் ஸ்டார்ட்அப் டைப் என்ற இடத்தில் நான்கு தெரிவுகள் இருக்கும். ஓட்டோமற்றிக் என்றால் கணினி எழும்பும்போதே ஓடும். டிலேய்ட் ஸ்டார்ட் சேர்ந்திருந்தால், மற்றவை எழும்பிச் சுமார் இரண்டு நிமிடம் கழித்து ஓடும். மனுவல் என்றால் யாராவது கூப்பிட்டால் எழும்பும். டிஸேபிள்ட் என்றால் யார் கூப்பிட்டாலும் எழும்பாது.

வீட்டுக் கணினிக்குச் சரியான தெரிவு பெரும்பாலும் மனுவல்தான். காணொளிக்காரர்கள் டிஸேபிள் செய்யச் சொல்வது படம் காட்ட நன்றாக இருக்கும். ஆனால் நாளைக்கு இன்னொரு நிரல் அந்தச் சேவையைத் தேடிவந்து, கதவு பூட்டியிருப்பதைக் கண்டு, சம்பந்தமில்லாத ஒரு பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். மனுவலில் இருந்தால் அது எழும்பி, வேலையைச் செய்துவிட்டுப் போகும். பல சேவைகளுக்குப் பக்கத்தில் டிரிகர் ஸ்டார்ட் என்று இருப்பதைக் காண்பீர்கள்: குறிப்பிட்ட நிகழ்வு நடந்தால் மட்டும் எழும்புகிறவை. அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்; ஏற்கெனவே சிக்கனமாகத்தான் இருக்கின்றன.

மாற்றுவதற்கு முன் டிப்பென்டன்சிஸ் என்ற பகுதியைப் பார்ப்பது கட்டாயம். மேல் பெட்டியில் இந்தச் சேவை நம்பியிருப்பவை. கீழ்ப் பெட்டியில் இதை நம்பியிருப்பவை. கீழ்ப் பெட்டி நீளமாக இருந்தால் அந்தச் சேவையைத் தொடாதீர்கள்.

சோதித்துப் பார்க்க இன்னொரு வழியும் உண்டு. ஸ்டார்ட்அப் டைப்பை மாற்றாமல் ஸ்டொப் என்பதை மட்டும் அழுத்துங்கள். ஓட்டோமற்றிக்கில் இருக்கும் சேவை அடுத்த ரீஸ்டார்ட்டில் தானாகத் திரும்பி வந்துவிடும். அதுவரை வழமையான வேலைகளைச் செய்து பாருங்கள்: அச்சிடுங்கள், சூமில் கதையுங்கள், பிள்ளையின் பாடக் காணொளியை ஓட்டுங்கள். குறை ஒன்றும் தெரியாவிட்டால் மனுவலுக்கு மாற்றுங்கள்.

வெளியாரைப் பிரித்துப் பார்ப்பது

விண்டோஸ் பட்டன், ஆர், பிறகு "எம்எஸ்கொன்ஃபிக்". சேர்விசஸ் பகுதியில் கீழே ஹைட் ஓல் மைக்ரோசொப்ட் சேர்விசஸ் என்று ஒரு பெட்டி இருக்கும். முதலில் அதில் சரி அடையாளம் போடுங்கள். போடாமல் டிஸேபிள் ஓல் என்பதை அழுத்தினால் விண்டோஸின் சொந்தச் சேவைகளும் சேர்ந்து போய்விடும்.

இப்போது மிஞ்சியிருப்பவை வெளியாருடையவை. கூகுள், அடோபி போன்றவற்றின் புதுப்பிப்புச் சேவைகளை, சேவைகளின் ஜன்னலில் போய் மனுவலுக்கு மாற்றலாம். பிரவுசரையும் பிடிஎஃப் நிரலையும் அவ்வப்போது நீங்களே புதுப்பிப்பதாக இருந்தால் மட்டும். பிரிண்டர் நிறுவனங்கள் மை தீர்ந்ததை அறிவிக்கவும் புதிய மை விற்கவும் வைத்திருக்கும் துணைச் சேவைகளைத் தயங்காமல் நிறுத்தலாம். அச்சிடுவதற்கு அவை தேவையில்லை. கிராஃபிக்ஸ், ஒலி, டச்பாட் என்று வன்பொருள் பெயருடன் வருபவற்றை விட்டுவிடுங்கள்.

இரண்டு வகைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைவியக்க நிரல்கள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மகனோ மருமகனோ ஒருநாள் அம்மாவின் கணினியைச் சரிசெய்வதற்காகப் போட்டிருப்பார். வேலை முடிந்து ஆண்டுக்கணக்காகியும் அந்தச் சேவை ஒவ்வொரு நாளும் கணினியுடன் சேர்ந்தே எழும்பிக் காத்திருக்கும். வேகத்தைவிட இது பாதுகாப்புப் பிரச்சினை. மனுவலில் வையுங்கள்; இனித் தேவையில்லை என்றால் நிரலையே அகற்றுங்கள். "வங்கியிலிருந்து கதைக்கிறோம் அம்மா, எனிடெஸ்க்கைத் திறவுங்கள்" என்று யாராவது அழைத்தால், திறப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லாமல் இருப்பது நல்லது.

மற்றது, உரிமம் இல்லாத விண்டோஸை உரிமம் உள்ளதுபோல் காட்டுவதற்காகப் போடப்படும் கருவிகள். பெயரில் கேஎம்எஸ் என்று பெரும்பாலும் வரும். இவற்றைப் போடுகிறவர்கள் பல வேளைகளில், விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபென்டர் அவற்றைச் சோதிக்காதபடி விலக்கும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதன் வழியாக வேறு எது உள்ளே வந்தது என்பதைச் சொல்ல முடியாது. சந்தேகமான எந்தச் சேவையையும் இருமுறை கிளிக் செய்து, பாத் டு எக்ஸிகியூட்டபிள் என்ற வரியை வாசியுங்கள். விண்டோஸின் சேவை ஹோஸ்ட் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில்தான் இருக்கும். ஆப்டேட்டா, டெம்ப் போன்ற இடங்களிலிருந்து ஓடும் சேவையையும், சேவை ஹோஸ்டின் கோப்புப் பெயரான எஸ்விசிஹோஸ்ட் என்பதில் ஓர் எழுத்தை விட்டோ மாற்றியோ வைத்த பெயரையும் நம்பாதீர்கள். அவற்றை நிறுத்துவதோடு நில்லாமல் டிஃபென்டரின் ஒஃப்லைன் ஸ்கானையும் ஓட்டுங்கள்.

விண்டோஸின் சொந்தச் சேவைகள்

சிஸ்மெயின். முன்பு சூப்பர்ஃபெட்ச் என்று அழைக்கப்பட்டது. நீங்கள் அடிக்கடி திறக்கும் நிரல்களை ஊகித்து முன்கூட்டியே ரேமில் ஏற்றிவைக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில், எழும்பிய முதல் சில நிமிடங்களில் டிஸ்க்கைப் பிடித்து ஆட்டுவது பல வேளைகளில் இதுதான். ரெஸ்மொனில் இதன் பெயர் மேலே நின்றால் மட்டும் ஸ்டொப் செய்து பாருங்கள். சில கணினிகளில் நிம்மதி வரும். சிலவற்றில் நிரல்கள் திறக்க முன்னைவிடத் தாமதமாகும். எஸ்எஸ்டி இருந்தால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

விண்டோஸ் சேர்ச். கோப்புகளுக்கு அட்டவணை போடுகிறது. கல்யாண வீட்டுப் படங்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிய நாளில் மூச்சு வாங்கும். வேலை முடிந்தால் அடங்கிவிடும். நிறுத்தினால் கோப்புத் தேடல் மந்தமாகும். அவுட்லுக்கில் பழைய மின்னஞ்சலைத் தேடுவதும் சிரமமாகும். முழுதாக நிறுத்துவதைவிட, இன்டெக்ஸிங் ஒப்ஷன்ஸில் போய்ப் படங்கள் உள்ள ஃபோல்டரை மட்டும் எடுத்துவிடுவது மேல்.

பிரிண்ட் ஸ்பூலர். அச்சிடும் வரிசையைக் கவனிப்பது. 2021 இல் இதில் பிரிண்ட்நைட்மேர் என்ற பெரிய ஓட்டை வெளிவந்தபோது, திருத்தம் வரும்வரை இதை நிறுத்திவைக்கும்படி மைக்ரோசொப்ட்டே சொன்னது. பிரிண்டர் இல்லாத வீட்டில் இதை டிஸேபிள் செய்வதில் தயக்கம் வேண்டாம். மனுவலைவிட்டு நான் விலகும் இடம் இது. ஆனால் பிடிஎஃப் ஆக அச்சிடுவதும் இதன் வழியாகத்தான் நடக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

பிரிண்டர் இருக்கும் வீட்டில் இந்தச் சேவையை அறிந்திருப்பது வேறு விதத்தில் பயன்படும். உயர்தரப் பரீட்சைக்கு முந்திய இரவு. கடந்தகால வினாத்தாளை அச்சிடக் கொடுத்ததும் மின்சாரம் போய் வருகிறது. அதன் பிறகு பிரிண்டர் ஒன்றையும் எடுக்காது. வரிசையில் அந்த வினாத்தாள் டிலீட்டிங் என்று காட்டியபடியே நிற்கும். அழிக்கவும் முடியாது, தாண்டவும் முடியாது. செய்ய வேண்டியது இதுதான். சேவைகளின் ஜன்னலில் பிரிண்ட் ஸ்பூலரை வலது கிளிக் செய்து ஸ்டொப் கொடுங்கள். அந்த ஜன்னலை மூடாமல், சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குப் போங்கள். அனுமதி கேட்டால் கொன்டினியூ கொடுங்கள். உள்ளே பெயர் எண்களாக இருக்கும் கோப்புகள் சில கிடக்கும். அவற்றை அழியுங்கள், ஃபோல்டரை அழிக்காதீர்கள். திரும்பி வந்து ஸ்டார்ட் கொடுங்கள். வரிசை வெறுமையாகியிருக்கும். வினாத்தாளை மறுபடி அச்சிடக் கொடுக்கலாம்.

தமிழில் எழுதுகிறவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய சேவை ஒன்று உண்டு. விண்டோஸ் 10 இல் அதன் பெயர் டச் கீபோர்ட் அன்ட் ஹான்ட்ரைட்டிங் பனல் சேர்விஸ். 11 இல் டெக்ஸ்ட் இன்புட் மனேஜ்மென்ட் சேர்விஸ். "டச் திரை இல்லையா, இதை அணைத்துவிடுங்கள்" என்று காணொளிகள் தவறாமல் சொல்லும். அணைத்தால் மொழி மாற்றும் வசதி குழம்பும். ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் ஆங்கிலம்கூடத் தட்ட முடியாமல் போகலாம். பெயர் டச் என்று இருந்தாலும் விசைப்பலகையும் இதை நம்பித்தான் இருக்கிறது. தமிழ் 99 ஆனாலும் ஒலிப்பு விசைப்பலகை ஆனாலும், விண்டோஸின் சொந்த விசைப்பலகையில் எழுதுகிறவர்கள் இதைத் தொடவே கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபக்ஸ், ரீட்டெய்ல் டெமோ, எக்ஸ்பொக்ஸ் பெயருள்ள நான்கைந்து ஆகியவை ஏற்கெனவே மனுவலில்தான் இருக்கும். ஓடாத ஒன்றை நிறுத்தி எதுவும் மிஞ்சாது. கனெக்டட் யூசர் எக்ஸ்பீரியன்சஸ் அன்ட் டெலிமெட்ரி, மைக்ரோசொப்ட்டுக்குப் பயன்பாட்டுத் தகவல் அனுப்புவது, விருப்பமில்லாதவர்கள் நிறுத்தலாம். புளூடூத் இல்லாத மேசைக் கணினியில் புளூடூத் சேவைகள் தாமாகவே தூங்கும்.

டேட்டாவைத் தின்பவை

நம் ஊரில் பலருக்கு வேகத்தைவிடப் பெரிய தலையிடி டேட்டா. மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது பக்கேஜ் தீர்ந்தால், முதலில் சந்தேகிக்கப்படுபவர் பிள்ளை. பல வேளைகளில் ஆள் விண்டோஸ்தான்.

இதற்காக விண்டோஸ் அப்டேட் சேவையை டிஸேபிள் செய்வது பிழையான வைத்தியம். சிறிது காலத்தில் விண்டோஸே அதைத் திரும்ப இயக்கிவிடும். இயக்காவிட்டால் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பதிந்தவர்களுக்கும் அவை இதே சேவை வழியாகத்தான் வருகின்றன.

சரியான வழி, இணைப்பை மீற்றர்ட், அதாவது டேட்டா அளவு கட்டுப்பட்டது, என்று விண்டோஸுக்கு அறிவிப்பது. செட்டிங்ஸில் நெட்வேர்க் பகுதிக்குப் போய், உங்கள் வைஃபையின் புரொப்பர்ட்டீஸைத் திறந்து, மீற்றர்ட் கனெக்‌ஷன் என்பதை இயக்குங்கள். பெரிய புதுப்பிப்புகள் தானாக இறங்குவது நின்றுவிடும், ஒன்டிரைவும் அடங்கும். இரவு வேளைக்குத் தனி ஒதுக்கீடு உள்ள பக்கேஜ் என்றால், ஓர் இரவு அதை அணைத்துவிட்டுப் புதுப்பிப்புகளை இறக்கிக்கொள்ளலாம். அத்துடன் விண்டோஸ் அப்டேட்டின் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் டெலிவரி ஒப்டிமைசேஷன் என்று ஒன்று இருக்கும். அதில் இணையத்தில் உள்ள பிற கணினிகளுடன் பகிர்வது இயங்கினால், நீங்கள் காசு கொடுத்து இறக்கியதை முகம் தெரியாதவருக்கு உங்கள் டேட்டாவிலேயே அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். உள்ளூர் வலையமைப்பு மட்டும் என்று மாற்றுங்கள். வீட்டில் இரண்டு கணினி இருந்தால் ஒன்று இறக்கியதை மற்றது எடுத்துக்கொள்ளும்.

தொடவே கூடாதவை

ரிமோட் புரொசீஜர் கோல், டிகொம் சேர்வர் புரொசெஸ் லோஞ்சர், பிளக் அன்ட் பிளே, யூசர் புரொஃபைல், டாஸ்க் ஷெடியூலர், கிரிப்டோகிராஃபிக், டிஎச்சிபி கிளையன்ட், டிஎன்எஸ் கிளையன்ட், டபிள்யூலான் ஓட்டோகொன்ஃபிக், விண்டோஸ் ஓடியோ, விண்டோஸ் ஃபயர்வோல், டிஃபென்டர். இவற்றில் சிலவற்றை விண்டோஸே மாற்ற விடாது. மாற்ற விடாதவற்றை ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) வழியாக மாற்றச் சொல்லும் காணொளியை அங்கேயே மூடுங்கள்.

மாற்றிய பின்

ரீஸ்டார்ட் கொடுங்கள், ஷட்டவுன் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் என்பது அரைத் தூக்கம்தான்: நீங்கள் வெளியேற்றப்படுவீர்கள், ஆனால் விண்டோஸின் கருவும் சேவைகளும் அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையில் எழும்பும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

ஒரு முறைக்கு ஒரு சேவை, குறைந்தது இரண்டு நாள் பாவனை, பிறகு அடுத்தது. கொப்பியில் திகதி, சேவையின் பெயர், பழைய நிலை, புதிய நிலை என்று நான்கு நெடுவரிசைகள் போதும். பிழை ஏதும் தெரிந்தால் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் 7000, 7001 என்ற எண்களைத் தேடுங்கள். முதலாவது, ஒரு சேவை தொடங்கவில்லை என்பது. இரண்டாவது, அது நம்பியிருந்த இன்னொன்று இல்லாததால் தொடங்கவில்லை என்பது. பெயர் அங்கேயே எழுதியிருக்கும்.

உள்ளே போகவே முடியாவிட்டால், நுழைவுத் திரையில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. சேஃப் மோடில் மிகச் சில சேவைகளே ஓடும். ஆனாலும் சேவைகளின் ஜன்னல் திறக்கும். மாற்றியதைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். அதுவும் சரிவராவிட்டால் அதே அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் சிஸ்டம் ரெஸ்டோர் இருக்கிறது.

விண்டோஸின் பெரிய ஆண்டுப் புதுப்பிப்பு வந்து இறங்கினால் சில சேவைகள் பழைய நிலைக்கே திரும்பியிருக்கும். அப்போது எக்ஸ்போர்ட் லிஸ்டை மறுபடி எடுத்துப் பழைய பட்டியலுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரின் பின்னால் கீழ்க்கோடும், எழுத்தும் எண்ணும் கலந்த வாலும் உள்ள சேவைகள் புதிதாகத் தெரிந்தால் குழம்ப வேண்டாம். அவை ஒவ்வொரு பயனருக்கும் தனியாகப் பிறப்பவை, அந்த வால் ஒவ்வொரு முறையும் மாறும்.